அக்கா லாரி ஏறி ஊசிக்குப் போனாள்

1

'சிக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள் சொல்லித்தான் திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கிலாந்தில் அதற்கு வாந்தி எடுப்பது என்று பொருள். அது தெரியாமல், நான் வேலை பார்த்த பள்ளிச் சமையலறையின் மேற்பார்வை அம்மாளிடம் போய், ஊரில் என் அக்கா சிக்காக இருக்கிறாள், எனக்கு லீவு வேண்டும் என்று கேட்டேன். அவர் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, வெறும் ரொட்டியை வாட்டிக் கொடுக்கச் சொல், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். பெருங்குடலில் புற்றுநோய் என்று தட்டுத் தடுமாறிச் சொன்ன பிறகுதான் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

ஆனால் அவர் புரிந்துகொண்டதும் தப்பில்லை என்பது ஊருக்குப் போய் நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. புற்றுநோயை அறுத்து எடுத்தாகிவிட்டது. அக்காவை அப்போது வதைத்துக்கொண்டிருந்தது வாந்திதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை வந்த டிரங்கால். இப்போது வேலை பார்க்கும் வேறொரு சமையலறையின் ஏப்ரன்களை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. பாவாயி அக்கா போனில் பேசினால் கடலுக்கு இந்தப் பக்கம் வரை கேட்கட்டும் என்று கத்துவாள்.

"சின்னு, அஞ்சு வருசம் முடிஞ்சிருச்சு. இனிமேப்பட்டு செக்கப்புக்கு வர வேண்டாம்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. ஆஸ்பத்திரிக் காயிதத்தக் கூடக் கிழிச்சுப்போட்டேன்."

பின்னால் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், ஏதோ சொன்னார். அவர் அழுகிறார் என்று அக்கா எனக்குச் செய்தி வாசித்தாள். அதற்குள் லைன் போய்விட்டது. நான் இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டேன். ஒரு ஏப்ரன் கருகியது. அது கிடக்கட்டும்.

2

அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் காடு முழுக்க மானாவாரி. கிணறுகள் ஒவ்வொன்றாக வறண்டபோது, எழுபதுகளில், போர் போடும் ரிக் லாரி வாங்கலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். மாமா தயங்கினார். அவர் மென்மையான மனுசர், மாட்டைக்கூட அதட்டமாட்டார். அக்கா பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய ரிக்கையும், அதற்குக் குழாய் ஏற்றிப்போகும் லாரி ஒன்றையும் வாங்கினாள். சங்ககிரி ரோட்டில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த ஊருக்கு எந்த வண்டி, எத்தனை அடி, யார் டிரைவர் என்று அவளே முடிவு செய்தாள். ஆந்திராவில் வண்டி நின்றுபோனால் அங்கிருக்கிற ஆட்கள் முதலில் பயந்தது அவளுடைய போனுக்குத்தான்.

மலம் கழிக்கையில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து வெகுநாள் மறைத்துவிட்டாள். சேலத்தில் ஆபரேசன் செய்து குடலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். எடுத்த இடத்துக்குப் பக்கத்திலும் கொஞ்சம் பரவியிருந்ததால், மாதத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து சில நாட்கள் ஊசி போட வேண்டும், அப்படி ஆறு தடவை என்றார் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த டாக்டர். மூன்று தடவை முடிந்ததும் மாமா எனக்குப் போன் செய்தார். வாந்தி தாங்காமல் அக்கா இனி ஊசிக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று சொன்னார். "நீ வந்து சொன்னாக் கேட்பா அம்மிணி" என்றார். அவருக்கே ஊசியை நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் இருந்தது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

இங்கே எங்கள் குடும்ப டாக்டரிடம் போய், வாந்தியை நிறுத்த நல்ல மாத்திரை எழுதித்தரச் சொன்னேன். தான் பார்க்காத நோயாளிக்கு எழுதித்தர முடியாது என்றார். அவர் மேல் தப்பில்லை, அப்படித்தான் சட்டம். மருந்துக் கடையில் கேட்டால் டாக்டர் சீட்டு எங்கே என்றார்கள். சீட்டு இல்லாமல் விற்பதில் அலமாரியில் இருந்தது கப்பல் பயணத்தில் வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரை மட்டும். அதை நான்கு அட்டை வாங்கினேன். என் வீட்டுக்காரர் என் பயணத்துக்காகப் பக்கத்து நகரத்தில் இருந்த இந்தியத் தூதரகக் கிளையிலும் விமானக் கம்பெனியிலும் மாறி மாறி வரிசையில் நின்றார். மகள் கவிதா அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கு என்ன என்று கேட்டாள். சொன்னேன். வகுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்து என் பெட்டிக்குள் வைத்தாள். அதில் அவள் தமிழில் எழுதியிருந்தது 'அக்கா' என்ற ஒரு சொல். பெரியம்மா என்று எழுத அவளுக்கு வரவில்லை.

3

வீடு போய்ச் சேர்ந்தபோது அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. வீட்டில் தாளிப்பு வாசம் இல்லை. கடுகு வெடித்தாலே அவளுக்குக் குமட்டியது என்று மாமா அடுப்பையே அணைத்துவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வந்து வந்து இரண்டு விதமாகப் பேசினார்கள். உள்ளே இருக்கிற விஷம் வெளியே வருகிறது, நல்லதுதான் என்றது ஒரு கூட்டம். நோய் கொல்லாததை ஊசி கொன்றுவிடும் என்றது இன்னொன்று. அக்கா இரண்டையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

நாலாவது தடவை ஊசிக்கு அவளை ஒருவழியாகக் கிளப்பினோம். நானும் மாமாவும் அவளை வீட்டு அம்பாசடர் காரில் ஏற்றினோம். கார் கிளம்பி மல்லசமுத்திரம் தாண்டவில்லை, அவள் முகம் வெளுத்தது. ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுடும் எண்ணெய் வாசம் வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து நின்றதை டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லாமல் பச்சைத் தண்ணீராக வந்தது. ஃபேர்லேண்ட்ஸில் ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்குத் திரும்பும்போது மறுபடியும். உள்ளே ஃபினாயில் வாசத்தில் மறுபடியும். ஊசி இன்னும் அவள் உடம்பைத் தொடவே இல்லை.

அன்றைக்கு ஊசி போடாமலே திரும்பி வந்தோம். நர்ஸ் ஊசி டப்பாவைத் திறந்ததும், போதும், என்னை விடுங்கள் என்று எழுந்து வந்துவிட்டாள். நான் கொண்டுவந்த கப்பல் மாத்திரையை விழுங்கினாள். அதுவும் வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்.

"சாவறதுக்கு எனக்குப் பயமில்ல சின்னு. எப்பவோ ஒருநா வரும். இந்த வாந்திக்குத்தான் பயமா இருக்குது. ஊசி போடறதுக்கு முன்னாலயே வருதே, அது எப்படி? எனக்கு மனசு கெட்டுப்போச்சா?"

என் அக்காவின் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"ஆயிரம் அடி போட்டும் தண்ணி வராத எடத்துல நின்னிருக்கறேன். ஒருநாளும் எவன் முன்னாலயும் தலை குனிஞ்சதில்ல. இப்ப ரோட்டுல எல்லாரும் பாக்க..." என்று நிறுத்திக்கொண்டாள்.

மாமா தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போதும் பாவாயி, இதோடு விட்டுவிடலாம் என்றார். அவளை அப்படிப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. அவள் சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும்.

4

மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறி டாக்டரைப் பார்க்கப் போனேன். சின்ன வயசுக்காரர், அதிகம் சிரிக்காதவர். இங்கிலாந்தில் இதற்குப் புது மருந்து இருக்குமே, எழுதித்தந்தால் வரவழைக்கிறேன் என்றேன். அவர் மேசைக்குள்ளிருந்து ஒரு மருந்தை எடுத்துக் காட்டினார். அதே மருந்துதான், எதிரே இருக்கும் கடையில் கிடைக்கிறது என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று ஒரு மிதப்பு எனக்குள் இருந்திருக்க வேண்டும்.

இதுவரை வாந்தி தொடங்கிய பிறகுதான் அந்த மருந்தைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இனி ஊசிக்கு அரைமணி முன்னாலேயே போடலாம், கூடவே இன்னொரு மருந்தும் சேர்க்கலாம், ஊசிக்கு முந்தின நாள் மனசின் இறுக்கத்தைக் குறைக்க ஒரு சின்ன மாத்திரையும் கொடுக்கலாம் என்றார். அக்கா கேட்ட கேள்வியையும் நான் கேட்டேன். ஊசிக்கு முன்பே வாந்தி வருவது ஏன் என்று. அதை உங்கள் அக்காவிடமே சொல்கிறேன், ஊசி இல்லை என்று சொல்லிக் கூட்டி வாருங்கள் என்றார்.

அவள் வந்தாள். வழியில் இரண்டு தடவை காரை நிறுத்தினோம். டாக்டர் அவளை ஆஸ்பத்திரிக்குள் அழைக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார்.

"உங்களுக்கு மனசு ஒண்ணும் கெடலம்மா," என்றார். "ஊசி போட்டா வாந்தி வருது. அந்த நேரத்துல கண்ணு என்ன பார்த்துச்சு, மூக்கு என்ன மோந்துச்சுன்னு உடம்பு எல்லாத்தையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்குது. அடுத்த தடவை அதுல ஒண்ணு வந்தாலே போதும், ஊசி வருதுன்னு நினைச்சு வாந்தி எடுக்குது. நிறைய பேருக்கு இப்படி ஆகுது. தைரியசாலிக்கும் ஆகும்."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த ஞாபகத்த ஏமாத்தலாமுங்களா?"

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். முயற்சி செய்யலாம் என்றார்.

திரும்பி வரும்போது அவள் ஒவ்வொன்றாக யோசித்தது எனக்குத் தெரிந்தது. முதல் ஊசி போட்ட நாள் முழுக்க அவள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது இந்தக் காரில்தான். ரெக்சின் சீட்டின் சூடு, பெட்ரோல் வாசம், சாமி படத்தில் மாமா போட்டிருந்த மல்லிகைச் சரம். மாமா ஆசையாகப் போட்ட சரம் அது. ஆட்டையாம்பட்டிக்கு முன்பே காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். இந்த முறை வாந்தி எடுக்க அல்ல.

"ஏனுங்க, இனி இந்தக் கார்ல நான் ஏற மாட்டேன். நாளான்னைக்கு நம்ம பைப் லாரி எங்க நிக்குது?"

5

மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வயிற்றில் தையல் போட்ட உடம்பு, லாரி குலுக்கும் என்றார். தையல் ஆறிப்போய்விட்டது, மெதுவாகப் போனால் சரி என்று டாக்டரே போனில் சொன்ன பிறகுதான் விட்டார். டிரைவர் அர்த்தநாரி வண்டியைக் கழுவி, சீட்டில் ஜமுக்காளம் விரித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்காவிடம் திட்டு வாங்கியே பழகிய மனுசர். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல், அவள் ஏற ஸ்டூல் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

டீசல் வாசம் அவளுக்குப் பிறந்த வீட்டு வாசம் மாதிரி. மேலே உட்கார்ந்தால் காற்று முகத்தில் அடித்தது. அரிசிச் சோற்றின் ஆவி குமட்டுகிறது என்று சொன்னதால், கம்பங்கூழைக் கரைத்து மண்சட்டியில் ஆறவைத்து, மோர் ஊற்றித் தூக்குப்போசியில் கொண்டுபோனேன். சூடு இல்லாத சாப்பாட்டுக்கு வாசம் குறைவு. அவள் ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். ஆட்டையாம்பட்டி வந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தேன். எண்ணெய் வாசம் வந்து, காற்றில் போயே போய்விட்டது. அர்த்தநாரி ஊர் தாண்டும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஏன் அடிக்கிறாய் என்று அக்கா அதட்டினாள். பல வாரங்களாக யாரையும் அதட்டாதவள் அவள்.

ஃபேர்லேண்ட்ஸில் அந்தத் தெருவுக்குள் எங்கள் லாரி திரும்பியதும் பங்களாக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அர்த்தநாரியின் தோளில் வைத்து இறங்கினாள். அன்று வாசல்வரை அவளுக்கு வாந்தி வரவில்லை. நர்ஸ் ஃபினாயில் போடாத பக்கத்து அறையில் கட்டில் போட்டிருந்தாள். மருந்து முன்னாலேயே ஏறியது. பிறகு ஊசி.

வாந்தியே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வீடு வந்த பிறகு இரண்டு தடவை எடுத்தாள். ஆனால் அதற்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து, ரிக் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். மாமா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். என்ன ஆக்குகிறார் என்று போய்ப் பார்த்தேன். ஒன்றும் ஆக்கவில்லை. சும்மா பால் காய்ச்சிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நாலாவது சுற்று ஊசியிலேயே சரோஜா வந்து சேர்ந்தாள். ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண், அக்காவுக்கு வந்த அதே நோய். வாயில் துண்டை வைத்து மூடிக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இதுதான் எனக்குக் கடைசி ஊசி, இனிமேல் வரமாட்டேன் என்று அவள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. அக்கா கட்டிலிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கண்ணு, பஸ்ஸுல வந்தியா?"

அவள் தலையாட்டினாள்.

"பஸ்ஸுதான் உனக்கு எதிரி. நாளைக்கு ரோட்டு மேல வந்து நில்லு, லாரில வாரேன். உள்ள எடமிருக்குது. வாந்தி வந்தா வரட்டும், எம்மேலயே எடு. நான் பாக்காத வாந்தியா?"

மறுநாள் சரோஜா நின்றாள். லாரியில் நாங்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா அவளுக்குக் கூழ் கொடுத்தாள், நார்த்தங்காய் ஊறுகாயைச் சப்பச் சொன்னாள், வயிறு புரட்டும்போது எதையாவது பேசு என்று சொல்லித் தறியைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். இருவரும் பாவு, ஊடை, போர், குழாய் என்று பேசிக்கொண்டே போய் இறங்கினார்கள். அடுத்த மாதம் இன்னொரு பெரியவரும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதை ஊசி லாரி என்றார்கள்.

என் லீவு அதற்குள் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று பள்ளிக்குத் தந்தி அடித்தேன். முடியாது என்று பதில் வந்தது. நான் போகவில்லை. வேலை போயிற்று. என் வீட்டுக்காரர் போனில், வேலை கிடைக்கும், அக்கா கிடைக்கமாட்டார், இருந்து முடித்துவிட்டு வா என்றார். பக்கத்தில் கவிதா ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இல்லாத அந்த மாதங்களில் அவள் நாக்கிலிருந்து தமிழ் கழன்றுகொண்டிருந்தது. அதை நான் திரும்பிப் போன பிறகுதான் கவனித்தேன். கொடுத்த விலை அது. இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டால் அதையே செய்வேன்.

ஆறாவது சுற்றின் கடைசி ஊசி போட்ட நாளில், டாக்டர் வாசல்வரை வந்தார். அக்கா லாரிப் படியில் கால் வைத்தவள் நின்று திரும்பினாள். எத்தனை நாளாக வருகிறோம், நீங்கள் ஒருநாள்கூட இதில் ஏறிப் பார்க்கவில்லையே என்றாள். அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிட்டார். அர்த்தநாரி அந்தத் தெருவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். டாக்டர் இறங்கியபோது அவர் தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது. சரோஜா கைதட்டினாள்.

சரோஜா இப்போது இல்லை. மூன்று வருசம் நன்றாக இருந்தாள், மகள் கல்யாணத்தை முன்நின்று நடத்தினாள், பிறகு நோய் திரும்பிவிட்டது. கடைசி ஊசிவரை போய்வந்துவிட்டேன் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது என்று அக்கா சொல்வாள். அதைச் சொல்லும்போது அக்கா குரலைத் தாழ்த்துவதில்லை.

6

இதை எழுதத் தொடங்கியபோது முடிவு தெரியாமல்தான் தொடங்கினேன். எழுதி முடிக்க மாதங்களாகிவிட்டன, அதற்குள் இந்தக் கோடை விடுமுறைக்கு அக்கா வந்துவிட்டாள். பாஸ்போர்ட்டுக்காக மெட்ராஸுக்கு நடந்தது, விசா அதிகாரி கேட்ட கேள்விகள், அதற்கு அவள் சொன்ன பதில்கள் எல்லாம் தனிக்கதை. திரும்பி வருவீர்களா என்று கேட்டாராம். என் ரிக்கை உங்க அப்பாவா பார்த்துக்குவார் என்று மொழிபெயர்ப்பவரிடம் சொன்னாளாம். அவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, விசா கிடைத்துவிட்டது.

விமான நிலையத்துக்கு நானும் கவிதாவும் போனோம். கவிதா இப்போது என்னைவிட உயரம். வர மனசில்லாமல்தான் வந்தாள், காதில் பாட்டுப் பெட்டி. கூட்டத்தோடு அக்கா வெளியே வந்தாள். உருண்டையாக, பட்டுச்சேலையும் மாமாவின் ஸ்வெட்டருமாக. பக்கத்தில் வாட்டசாட்டமான ஒரு வெள்ளைக்கார இளைஞன் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அவன் கவிதாவிடம் வெகுநேரம் பேசினான். கவிதா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். பிறகு உடைந்த தமிழில் எனக்குச் சொன்னாள். விமானம் நடுவானில் பயங்கரமாக ஆடியிருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் வாந்தி எடுத்திருக்கிறார்கள். இவனுக்கும் நிற்கவே இல்லை. பெரியம்மாதான் தன் வாந்தி உறையையும் அவனிடம் கொடுத்துவிட்டு, கடைசிவரை அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள், வாய் ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டே.

என்ன பேசினாய் என்று அக்காவைக் கேட்டேன்.

"போர் போடறதப் பத்திச் சொன்னேன். பாவம், அவனுக்கு ஒண்ணும் புரியல. ஆனா பேச்சு நிக்காம இருந்தாப் போதும், வயிறு மறந்துபோகும்."

உனக்கு ஒன்றும் செய்யவில்லையா என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கவிதாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எனக்கென்ன சாமி. ரெண்டு தட்டுச் சோறு குடுத்தாங்க, ரெண்டையும் தின்னுப்போட்டேன். இப்ப மறுபடியும் பசிக்குது. உங்கம்மா என்ன ஆக்கி வெச்சிருக்கறா?"

கவிதா என்னைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவளாகவே தமிழில் சொன்னாள்.

"வாங்க பெரியம்மா. சாப்பிடலாம்."